தேருக்குச் சீற் பெல்ற்

கொக்கி எள்ளளவு. எள்ளெண்டாலும் வைச்ச இடத்தில கிடக்கும், இது கிடக்காது. முள்ளெடுக்கிற சாவணத்தால பிடிச்சுக்கொண்டு போய்ச் சீற்றில வைக்கிறன், சாவணத்தோடயே திரும்பி வருது, முதல் நாள் பள்ளிக்கூடத்தில விட்ட பிள்ளை தாயின்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு திரும்பி வாற மாதிரி. போ மோனை, போய் இரு, அங்க உனக்கு அலுவல் இருக்கு, பைலற் பிள்ளை விழுந்து மூக்கை உடைக்கக் கூடாதெல்லே. இது மூண்டாந் தரம். சுவரில மணி பன்னிரண்டரை. ரெண்டு மணிக்கு அம்மா வந்திடுவா, கண்ணோட வருவா. முந்தியும் கண் இருந்ததுதான், ரெண்டு கண்ணும் பால் கோப்பை கழுவின தண்ணி மாதிரி வெள்ளை படர்ந்துபோய் இருந்தது, ஆள் வந்தா நிழல் தெரியும், நிழல் கதைச்சா ஆரெண்டு தெரியும். அஞ்சு வருசமா வெட்ட மாட்டன் எண்டு நிண்ட மனிசியை ஒரு மாதிரிக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய் நேற்று வலக்கண்ணில வெள்ளையை எடுத்துப்போட்டு உள்ளுக்குப் புதுசா ஒரு கண்ணாடித் துண்டு வைச்சு விட்டிருக்கிறாங்கள். இண்டைக்குக் காலமை என்ர மகள் ஆரபி அவவைக் காரில ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாள், கட்டவிழ்க்க. கட்டவிழ்த்தா அம்மா பாப்பா. பாத்தா வீட்டுக்கு வந்து முதல் கேக்கப்போற கேள்வி எனக்குத் தெரியும். டேய் சீலன், தேர் எங்கயடா?

தேர் இல்லை. எட்டு மாசமா இந்த மேசையில நிக்கிறது பொம்மர். குண்டு போடுற பிளேனை எங்கட ஊரில பொம்மர் எண்டுதான் சொல்லுறது. இது எங்கட ஊருக்கு மேல வந்ததில்லை, அது சின்னன், இது ரெண்டாம் உலக யுத்தத்தில வெள்ளைக்காரன் செர்மனிக்கு மேல கொண்டு திரிஞ்சது, நாலு எஞ்சின், ஏழு பேர், அசலில முப்பத்திரண்டில ஒரு பங்கு, அப்பிடிச் சுருக்கியும் இந்தச் செட்டையிலயிருந்து அந்தச் செட்டைக்கு ஒரு மீற்றர். போன வருசம் என்ர மண்டைக்குள்ள ஒரு நரம்பு அடைச்சு வலக்கை சொல்வழி கேக்காமல் போனது. வாய்க்கு ஒண்டும் நடக்கேல்ல. கடவுள் இடம் மாறி அடிச்சுப்போட்டார் எண்டு என்ர மனிசி யோகா சொன்னாள். கைக்குப் பயிற்சி குடுக்கிற பெட்டை ஊசியில நூல் கோக்கச் சொன்னாள், பயறு பொறுக்கச் சொன்னாள், பயறு பொறுக்கவோ பிள்ளை நான் கடல் தாண்டி வந்தனான் எண்டு கேட்டன். பக்கத்தில நிண்ட ஆரபி அதைக் கேட்டுக்கொண்டு போய் என்ர பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி தூக்கிக்கொண்டு வந்தாள், சவப்பெட்டி அளவு. பெட்டிக்கு மேல படம். மேகம், மேகத்துக்குள்ள பொம்மர், கீழ தூரத்தில ஒரு ஊர் சிவப்பா எரியுது. எவ்வளவு வடிவா இருக்குப் பாருங்கோ அப்பா, பெரிசு, உங்கட கைக்குச் சுகமா இருக்கும். அவளுக்கு என்ன தெரியும், அவள் இஞ்ச பிறந்தவள், எங்கட ஊர்ச் சண்டையைப் பற்றி நான் சொன்ன கதையெல்லாம் சிரிப்புக் கதை. சாரம் கழண்டு விழ ஓடின மாமாவின்ர கதை, ஆட்டுக்குட்டியோட பங்கருக்குள்ள படுத்த வாத்தியாரின்ர கதை. நானும் சிரிச்சன். நான் சிரிக்காமல் விட்ட இடம் இந்த உலகத்தில ஒண்டுமில்லை. கதிரையில இருந்த அம்மா நிழல்களைப் பாத்துக் கேட்டா, என்னடா பெட்டி அது? நான் சொன்னன், தேர் அம்மா. பிளாஸ்ரிக் தேர். துண்டு துண்டா அனுப்பியிருக்கிறாங்கள், நான்தான் பூட்டோணும்.

வேற என்னத்தைச் சொல்ல. அம்மாவுக்கு முன்னால பொம்மர் எண்ட சொல்லை எடுக்கக் கூடாது. அவ லண்டனுக்கு வந்து பதினாறு வருசம், இண்டைக்கும் வீட்டுக்கு மேலால பிளேன் போனா கதைச்சுக்கொண்டிருக்கிறதை அப்பிடியே நிப்பாட்டுவா, வாய் திறந்தபடி இருக்கும், சத்தம் தேய்ஞ்சு முடிஞ்ச பிறகுதான் மிச்ச வசனம் வெளியில வரும். நாங்கள் வீடு வாங்கினதும் ஹீத்ரோவுக்குப் பக்கத்தில, ரெண்டு நிமிசத்துக்கு ஒரு பிளேன், அம்மா ஒரு பழமை சொல்லி முடிக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போடும். அதாலதான் தேர். ஒருக்காச் சொன்னா முடிஞ்சுது எண்டு நினைச்சன், முடியேல்ல, அவ அதைப் பிடிச்சுக்கொண்டா. சில்லு வைச்சிட்டியோடா? வைச்சிட்டன் அம்மா, முன்னுக்குப் பெரிசு ரெண்டு, பின்னால சின்னன் ஒண்டு. மூண்டு சில்லுத் தேரோ? இந்த நாட்டுத் தேர் அம்மா, ஓட்டோ மாதிரி. உள்ளுக்குச் சாமி ஆர்? ஏழு பேர் இருக்கினம். ஏழு பேரோ, சப்த கன்னியரோடா? ஓமம்மா. சப்த கன்னியர், ஒவ்வொருத்தனுக்கும் தோல் தொப்பியும் மீசையும். தொட்டுப் பாக்கட்டோடா? வேண்டாம் அம்மா, பெயின்ற் காயேல்ல. எட்டு மாசமாக் காயாத பெயின்ற்றை அம்மா நம்பினா. அதோட விட்டாவோ, ஒரு வெள்ளிக்கிழமை நான் குசினிக்குள்ள நிக்கேக்க சுவரைத் தடவித் தடவி வந்து, நான் மூடி வைச்ச வெள்ளைச் சீலைக்கு முன்னால ஒரு செவ்வரத்தம் பூவை வைச்சு, கை ரெண்டையும் கூப்பிக் கும்பிட்டா. அம்மா பொம்மரைக் கும்பிட்டா. தேத்தண்ணிக் கோப்பையோட நான் வாசல்ல நிண்டன். சிரிப்பு வரும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன், வரேல்ல. முதல் தரம் அண்டைக்குத்தான் வரேல்ல. பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பூ, நான் எடுத்து எறியிறதுமில்லை, வேண்டாம் எண்டு சொல்லுறதுமில்லை.

இருந்திட்டுது. கொக்கி இருந்திட்டுது. மூச்சு விடாதை, மூச்சு விட்டா எழும்பி ஓடிப்போடும். தேயிலைப் பக்கற்றுக்குள்ள இருக்கிற ஈயத்தாளை வெட்டி வெட்டிப் பெல்ற், பழைய ரெலிபோன் சார்ச்சரின்ர வயரை உரிச்சு அதுக்குள்ள தலைமயிர் மாதிரிக் கிடந்த செம்பை வளைச்சுக் கொக்கி, மிச்சச் செம்பு சுவரோட ஓடுற குழாய். இதொண்டும் பெட்டிக்குள்ள வந்ததில்லை. ரெண்டு வீடு தள்ளி இருக்கிற கீத் கிழவன் ஏத்திவிட்ட விசர் இது. எழுபத்தஞ்சு வயசு, சீவியத்தில தபால் குடுத்ததும் பிளேன் ஒட்டினதும்தான் அவன்ர அலுவல். வந்து பாத்துப்போட்டுச் சொன்னான், பெட்டியில உள்ளதை மட்டும் ஒட்டினா அது விளையாட்டுச் சாமான், உள்ளுக்கு வெறும் கோதா இருக்கு, பெல்ற் இல்லை, வயர் இல்லை, அதெல்லாம் நீதான் செய்து போடோணும் எண்டு. கண்ணாடியை ஒட்டி மூடினாப்பிறகு உதை ஆர் பாக்கப்போயினம் எண்டு கேட்டன். ஒருத்தரும் பாக்கமாட்டினம், ஆனா உள்ள என்ன இருக்கெண்டு உனக்குத் தெரியும் எண்டான். அவன் தன்ர விளையாட்டைப் பற்றித்தான் சொன்னவன், பாவம். அவனைப் படலை மட்டும் கொண்டுபோய்ச் சிரிச்சு விட்டுட்டு வந்து கதவைச் சாத்தினன், சாத்தினதும் சிரிப்பு நிண்டுது. அண்டைக்குத் தொடங்கினது. இந்தக் கோதுக்குள்ள வைக்க வைக்க இடம் இருக்கு. நாங்கள் கீழ நிண்டு பாத்தது ஒரு மினுக்கம், தேசிக்காய் அளவு, வெய்யிலில பளிச்செண்டு திரும்பும், பிறகு சத்தம், பிறகு நிலம். அதுக்குள்ள சீற் இருக்கும், சீற்றில பெல்ற் இருக்கும், பெல்ற்றுக்குள்ள ஒருத்தன் தாய் குடுத்துவிட்ட சாப்பாட்டை நினைச்சுக்கொண்டிருப்பான் எண்டு ஆர் கண்டது.

ரெலிபோன் அடிக்குது. ஆரபி. அப்பா, அப்பம்மா நல்லாப் பாக்கிறா, சூப்பரா! ரோட்டில போற பஸ் நம்பரெல்லாம் வாசிக்கிறா. என்ர முகத்தைப் பிடிச்சுப் பாத்துப்போட்டு, நீ கறுப்படி, கொப்பரைப் போல எண்டு சொல்லுறா. பின்னால அம்மாவின்ர குரல், ஆர் போனில, அவனோ, தேரை மூடாமல் வைக்கச் சொல்லு. கேட்டுதோ அப்பா? நீங்கள் மாட்டுப்பட்டுட்டியள்! சிரிக்கிறாள். அவளுக்கு இது பகிடி, தாத்தாமார் பேத்திமாருக்கு விடுற புளுகு மாதிரி ஒரு புளுகு, அப்பா பிடிபடப்போறார், அவ்வளவுதான். முக்கால் மணித்தியாலத்தில வந்திடுவம், நேர்ஸ் சொன்னவ ரெண்டு மணிக்கு மருந்து விடோணுமாம், நீங்கள்தான் விடோணும், நான் படிக்கப் போகோணும். சரி பிள்ளை. யோகா வேலையில, வேற ஆளில்லை. நாளுக்கு நாலு தரம் கண்ணுக்கு மருந்து, ஒரு துளி, கூடவும் இல்லை குறையவும் இல்லை, போத்தில் நுனி கண்ணில முட்டக் கூடாது. நேற்று நேர்ஸ் என்ர கை நடுங்கிறதைப் பாத்துப்போட்டு வேற ஆரும் இல்லையோ எண்டு கேட்டவ. நான் சொன்னன், இந்தக் கையால நான் எள்ளுக்குக் கொக்கி போடுறனான். அவவுக்கு விளங்கேல்ல.

ஒளிச்சு வைக்கலாமோ. மேல் பரணுக்குள்ள ஏத்தலாம் எண்டா பரண் வாசல் ரெண்டடி, செட்டையை ஒட்டினது போன கிழமை, பரணை அளக்காமல் ஒட்டினன், என்னைப் போல ஒரு மொக்கன் இருக்கமாட்டான். கீத் வீட்டில வைக்கலாம், கீத் ஸ்பெயினில போய்க் காயிறான். அம்மாவின்ர கட்டிலுக்குக் கீழ தள்ளலாம், அளவு காணும், ஆனா அம்மாவின்ர கட்டிலுக்குக் கீழ பொம்மர், அம்மா மேல நித்திரை, ஐயோ. இன்னொரு பகிடி விடலாம். அம்மா, தேர் திருத்த வேலைக்குப் போட்டுது. அம்மா, தேரைக் கள்ளன் கொண்டுபோட்டான். நாக்கு நுனியில பத்துக் கிடக்கு, கொக்கி மாதிரி ஒட்டிக்கொண்டு. இந்த நாக்கால வந்த வினைதான் எல்லாம். நாக்கெண்டும் சொல்லேலாது. பொம்மர்ச் சத்தத்தை மூக்கு, தொண்டை, நெஞ்சு, எல்லாத்தாலயும் செய்யோணும். முதல் மூக்கால ஒரு இரைச்சல், தூரத்தில தேனீக்கூடு கலைஞ்ச மாதிரி. பிறகு நெஞ்சுக்கு இறக்கோணும், தண்ணி பிடிக்கிற பிளாஸ்ரிக் பரலுக்குள்ள வாயை வைச்சா அது வளவு முழுக்க உருளும். பிறகு குத்திப் பதியேக்க வாற கீச்சு, அது தொண்டையின்ர அடியால. பதின்மூண்டு வயசு, பள்ளிக்கூடம் நடந்தா நடக்கும் நடக்காட்டி இல்லை, எனக்குப் படிப்பு ஏறேல்ல, இது ஏறிச்சு. அந்த நாளில ஒவ்வொரு வளவுக்குள்ளயும் ஒரு பங்கர், ஆளுயரக் கிடங்கு, மேல பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போட்டது, சத்தம் கேட்டா ஆரெண்டாலும் விழுந்தடிச்சு உள்ள. கணக்கு வாத்தியாருக்கு விட்டன், வகுப்பு முழுக்க வாங்குக்குக் கீழ, சோதனை நிண்டுபோச்சு, பெடியள் என்னைத் தோளில தூக்கினாங்கள். சின்னராசா மாமாவுக்கு விட்டன், சாரம் வேலியில, ஆள் பங்கருக்குள்ள. வதனியக்காவுக்கு மூண்டு தரம் விட்டன்.

வதனியக்காவுக்குப் பத்தொன்பது வயசு. எனக்கு ஒரே அக்கா. முதல் தரம் சோத்துக் கையோட ஓடினவள். ரெண்டாந் தரம் பாதிப் பின்னலோட. மூண்டாந் தரம் பங்கரால வெளியில வந்து என்ர காதைப் பிடிச்சு முறுக்கிச் சொன்னவள், இனி நீ கத்தினா நான் அசையமாட்டன்டா, குண்டு தலையில விழுந்தாலும் அசையமாட்டன். காது ரெண்டு நாள் சிவந்து கிடந்தது. சிவந்த காதைத் தடவிக்கொண்டு நான் சந்தோசப்பட்டனான், அவ்வளவு திறமாச் செய்திருக்கிறன் எண்டு. உது வேண்டாம். இப்ப உது வேண்டாம், மணி ஒண்டு பத்து, மூக்குப் பக்க வேலை இன்னும் கிடக்கு. பொம்மரின்ர மூக்கு. அதுக்குள்ள ஒருத்தன் குப்புறப் படுத்திருப்பான், நெஞ்சுக்குக் கீழ மெத்தை, முகத்துக்கு முன்னால கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழ ஊர். கையில ஒரு சுவிச், வயரோட, வாசல் மணி அமத்திற சுவிச் மாதிரி. அமத்தினா விழும். கீத் புத்தகத்தில படம் காட்டினவன். பெட்டிக்குள்ள அந்தச் சுவிச் வரேல்ல, பெட்டி செய்தவனுக்கு அது ஒரு பொருட்டாத் தெரியேல்ல. குண்டூசித் தலையை வெட்டி எடுத்துச் செய்து வைச்சிருக்கிறன், செம்பு வாலோட. அதைக் குப்புறக் கிடக்கிறவன்ர கைக்குள்ள வைக்கோணும். ஒரு கிழமையா வைக்கிறன், வைக்கிறன், வைக்கேல்ல. கை நடுங்குது எண்டு சொல்லுறன். கொக்கிக்கு நடுங்காத கை.

வெள்ளிக்கிழமை. முழுகிற நாள். நான் பங்கர் வாசல்ல இருந்து களவெடுத்த புளியங்காயை உப்போட தின்னுறன். இருபது இருபத்தஞ்சு அடி தள்ளிக் கிணத்தடியில அக்கா தலை முழுக்கச் சீயாக்காய் அப்பிக்கொண்டு குந்தியிருக்கிறாள், கண் ரெண்டையும் இறுக்கி மூடி. அப்ப தேனீக்கூடு. தூரத்தில. நான் உள்ளுக்குப் போயிட்டன், எனக்குச் சத்தம் விளங்கும், நான் வித்தைக்காரன், கெதியாப் போயிட்டன். இரைச்சல் நெஞ்சுக்கு இறங்குது. அக்கா அசையேல்ல. கண்ணைத் திறக்காமலே கத்தினாள், டேய் சீலன், கண்ணெரியுதடா, நிப்பாட்டு உன்ர கூத்தை! நான் கேட்டன். வடிவாக் கேட்டன். கேட்டுப்போட்டு. கேட்டுப்போட்டு நான் சிரிச்சனான். அசல் பொம்மரை நான் எண்டு நினைக்கிறாள். அவ்வளவு திறமோ நான். பங்கருக்குள்ள இருட்டில, வாய்க்குள்ள புளி, பெருமையில வயிறு குலுங்கச் சிரிச்சனான். எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு. ரெண்டு மூச்செண்டு வைப்பம். அந்த ரெண்டு மூச்சுக்குள்ள ஒரு பெட்டை கிணத்தடியிலயிருந்து பங்கருக்கு ஓடி வரலாமோ? வரலாம். நான் பிறகு அதை இந்த நாட்டில பின்வளவில அடி வைச்சு அளந்து, ஓடியும் பாத்தனான், நாப்பது வயசில, தொந்தியோட. வரலாம். பிறகு வாயைத் திறந்தன், அக்கா, நான் இல்லை எண்டு. கத்தினனோ, கத்த நினைச்சனோ, அதுதான் தெரியேல்ல, ஏனெண்டா அதுக்குப் பிறகு கீச்சு, அதுக்குப் பிறகு நிலம் வந்து முகத்தில அடிச்சது, வாய்க்குள்ள மண்ணும் புளியும்.

செத்த வீட்டில அம்மா தலையில அடிச்சுச் சொன்னா, நான்தான் சொன்னனான், பாதித் தலையோட எழும்பாதை, அலசிப்போட்டு வா எண்டு நான்தான் சொன்னனான், என்ர பிள்ளையை நான்தான் கொண்டனான். எல்லாருக்கும் சொன்னா. அப்பாவுக்குச் சொன்னா. அப்பா அதுக்குப் பிறகு அம்மாவின்ர முகத்தைப் பாத்துக் கதைச்சதில்லை, ஆறு வருசம், சாகும்வரைக்கும், சோத்துக் கோப்பையை வாங்கேக்கயும் நிலத்தைத்தான் பாப்பார். அம்மா அதுக்குப் பிறகு வெள்ளிக்கிழமையில முழுகினதில்லை. நான் பாத்துக்கொண்டிருந்தனான். அம்மா அப்பிடிச் சொன்னது எனக்குக் கேக்கேல்ல, ஆனா பொம்மர்ச் சத்தத்துக்குள்ள ஆற்ற குரல்தான் கேக்கும், சொல்லித்தான் இருப்பா எண்டு நினைச்சன், நினைச்சு அந்தக் கதைக்குள்ள போய்ப் படுத்திட்டன், பனங்குத்தி, மண்மூட்டை எல்லாம் போட்ட கதை, முப்பத்திநாலு வருசமா நான் அதுக்குள்ள. வெளியில அம்மா. சொல்லியிருக்கலாம். அம்மா, அவள் அசையாதது உங்களால இல்லை, என்னால எண்டு. ஒரு வசனம். எத்தினை தரம் தொடங்கினன், தொடங்கினா வாய் தன்ர பாட்டில ஒரு பகிடிக்குத் திரும்பிப்போடும், பழகின மாடு கொட்டிலுக்குத் திரும்பிற மாதிரி. நாளைக்கு அம்மாவுக்கு ஒண்டு நடந்தா அந்தப் பழியோடயே போடுவா. எழுபத்தெட்டு வயசு. இண்டைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு வாறா. வந்து எட்டு மாசமாத் தான் பூ வைச்சது எதுக்கு எண்டு பாக்கப்போறா.

உடைச்சுப்போடு. அஞ்சு நிமிசம். ரெண்டு கையாலயும் செட்டையைப் பிடிச்சன். மெல்லிசா, மீன் செட்டை மாதிரி நெளியுது, இன்னுங் கொஞ்சம் அமத்தினா முறியும், முறிச்சுக் குப்பைப் பையில போட்டுப்போட்டு, தேர் கொண்டாட்டத்துக்குப் போட்டுது எண்டு சொல்லலாம். அமத்தினன். உள்ளுக்கு ஏதோ டிக்கெண்டுது. எட்டிப் பாத்தா கொக்கி, நாலு தரம் முயற்சி செய்து வைச்ச கொக்கி, சீற்றை விட்டுக் கழண்டு பைலற்றின்ர காலடியில கிடக்குது. ஏன்டா அப்பா எனக்கு அழுகை வருது, எள்ளுக்கு அழுகிறனோ. செட்டையை விட்டன். குண்டூசிச் சுவிச்சைச் சாவணத்தால எடுத்தன். பசை ஒரு புள்ளி. மூக்குக்குள்ள விட்டன், குப்புறக் கிடக்கிறவன்ர கைக்குள்ள. ஒட்டிச்சு. ஒரே தரத்தில. கை நடுங்கவேயில்லை. குனிஞ்சு அவன்ர தோளுக்கு மேலால கீழ பாத்தன், கண்ணாடி போடாத ஓட்டையால மேசை தெரியுது, மேசையில போன வெள்ளி வைச்ச பூ, காய்ஞ்சு சுருண்டு, இந்த அளவுக்கு ஒரு ஆள் எண்டா கட்டைவிரல் உயரம், குந்தியிருந்தா அதிலயும் பாதி, பூவளவு. இவனுக்கு ஒண்டும் தெரிஞ்சிராது. எனக்குத் தெரியும். இவன் தூரத்தில நிண்டவன், நான் இருபத்தஞ்சு அடியில.

படலைச் சத்தம். காரின்ர கதவு. சீலை மடிச்சபடி கதிரையில கிடக்கு, எடுத்து மூடலாம், கை எட்டுது, நான் எடுக்கேல்ல. அப்பம்மா மெதுவா, படி இருக்கு. படி தெரியுதடி, எனக்குச் சொல்லாதை. பூட்டுக்குள்ள திறப்பு, கதவு. அம்மா வாசல்ல நிண்டா. வலக்கண் சிவந்து, தண்ணி பூத்து, ஆனா கறுப்பா, எத்தினை வருசத்துக்குப் பிறகு அம்மாவின்ர கண்மணி கறுப்பா. முதல் என்னைப் பாத்தா. மயிரெல்லாம் கொட்டிப்போட்டுதேடா உனக்கு, எண்டா. பிறகு எனக்குப் பின்னால பாத்தா.

ஆரபி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கி, என்ர முகத்தைப் பாத்து நிப்பாட்டிப்போட்டாள். அம்மா மேசைக்குக் கிட்ட வந்தா. குனிஞ்சா. சில்லைத் தொட்டா, ரெண்டு பெரிசு, பின்னால சின்னன். விரலை விட்டுச் சீற்றைத் தடவினா.

"என்னடா இது, வார் மாதிரி?"

"பெல்ற் அம்மா. விழாமல் இருக்க."

"பொம்மர்காரனுக்கு."

"ஓமம்மா."

"இதுக்கோ நான் பூ வைச்சனான்?"

நாக்கு நுனியில பத்துப் பகிடி. பத்தும் எழும்பி நிக்குது. நான் பல்லைக் கடிச்சன். "ஆரபி, நீ படிக்கப் போறதெண்டா போ பிள்ளை" எண்டன். அவள் போகேல்ல, வாசல்ல கார்த் திறப்போட நிண்டாள். சரி, நிக்கட்டும், அவளும் கேக்கட்டும்.

"அம்மா, அண்டைக்கு வதனியக்கா எழும்பாதது உங்களால இல்லை. அவள் அந்தச் சத்தத்தை நான் எண்டு நினைச்சவள். நான் முந்தி ஏமாத்தினதால. நீங்கள் சொன்னபடியால இல்லை."

அம்மா கதிரையைத் தடவாமல், பாத்து, இருந்தா. "நான் என்னத்தைச் சொன்னனான்?"

"அலசிப்போட்டு வா எண்டு."

"நான் அப்பிடிச் சொல்லேல்லயடா." அம்மா பொம்மரைப் பாத்துக்கொண்டே சொன்னா. "நான் மாட்டுக் கொட்டிலடியில நிண்டு எழும்படி, ஓடடி எண்டு குழறினனான். அது உவன் சீலன் அம்மா, பகிடி விடுறான் எண்டாள். கடைசியா அதுதான் சொன்னவள்."

"அப்ப ஏன் அம்மா செத்த வீட்டில…"

"கொப்பர் உன்னை வெட்டிப்போட்டிருப்பார். எனக்கு அப்ப இருந்தது நீ ஒண்டுதானே."

மேசை, சுவர், மணி, எல்லாம் அப்பிடியே நிக்குது. முப்பத்திநாலு வருசமா நான் படுத்திருந்த கிடங்கை அம்மாதான் வெட்டினவ, எனக்கெண்டு அளவெடுத்து வெட்டினவ. தான் வெளியில நிக்கிறன் எண்டு தெரிஞ்சுகொண்டு நிண்டவ. போதும், இதோட விட்டிடு, இது காணும் எண்டு உள்ளுக்கு ஒருத்தன் சொல்லுறான். ஆனா உள்ள என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும்.

"அவள் கத்தினது எனக்குக் கேட்டது அம்மா. நான் பங்கருக்குள்ள இருந்து சிரிச்சனான். நான் இல்லை எண்டு சொல்லாமல், சிரிச்சனான்."

அம்மா வாயைத் திறந்தா. அப்ப பாத்து வீட்டுக்கு மேலால பிளேன். அம்மா வாய் திறந்தபடி இருந்தா. ஜன்னல் கண்ணாடி அதிருது, பைலற்றின்ர காலடியில கொக்கி துள்ளுது, பெரிய பிளேன், பதிஞ்சு போகுது, ஆரார் பிள்ளைகளோ விடுமுறைக்குப் போய் வருகினம், போகுது, போகுது, நான் அம்மாவின்ர வாயையே பாத்துக்கொண்டு நிக்கிறன், இவ்வளவு நீளமான பிளேனை நான் ஒருநாளும் கண்டதில்லை. தேய்ஞ்சுது. போச்சு.

"கேட்டது" எண்டா அம்மா. "அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நீ உள்ள நிக்கிறாய் எண்டு தெரிஞ்சு நான் நிலத்தில விழுந்தனான். ஒரு பிள்ளை உள்ள எண்டு."

அம்மா பிழையில்லை எண்டு சொல்லேல்ல. பிழை எண்டும் சொல்லேல்ல. ஆரபி கார்த் திறப்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு சுவரில சாய்ஞ்சு நிண்டாள், அவளின்ர முகத்தில நான் இதுவரைக்கும் காணாத ஒரு முகம். அம்மா மணியைப் பாத்தா, தானாப் பாத்தா, ரெண்டு பத்து எண்டு வாசிச்சா. "மருந்து விடுற நேரம் போட்டுது" எண்டு சொல்லித் தலையைக் கதிரைச் சாய்வில அண்ணாத்தினா.

போத்திலை எடுத்தன். மூடியைத் திருகினன். அம்மாவுக்கு மேல போய் நிண்டு குனிஞ்சன். கீழ அம்மாவின்ர முகம், முகத்தில கண், கண்ணுக்குள்ள தலைகீழா ஒரு சின்ன ஆள், கையில போத்தில். கை நடுங்குது. இப்ப வடிவா நடுங்குது.

"எரியும் அம்மா. ஆனா மூடக் கூடாது."

"எரியட்டும். நான் திறந்துதான் வைச்சிருக்கிறன். விடு."

நுனியில துளி தொங்கிக்கொண்டு நிக்குது. நான் மூச்சைப் பிடிச்சு, ஒருக்கா, ரெண்டுதரம், நேராப் பாத்து, அமத்தினன்.

அம்மா கண்ணை மூடேல்ல.